ஆறிலிருந்து ஏழு வரை நான் வீட்டில் இருப்பேன்

இந்தியாவுக்காக எட்டு நாடுகளில் ஓடியிருக்கிறேன். ஒன்பது நாடுகளில் பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் கொடுத்திருக்கிறேன். அந்த ஒன்பதாவது நாட்டில் என்னை ரிசர்வில் உட்கார வைத்துவிட்டார்கள். ஓட ஆள் தேவைப்படவில்லை, சோதனைக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கிறது. விளையாட்டு வீராங்கனை என்றால் கொடி, பதக்கம், விமான நிலையத்தில் மாலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நூறு மீட்டர் பந்தயம் பன்னிரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். கோப்பை நிரம்பத்தான் சில நாள் மூன்று மணி நேரம் ஆகும்.

போட்டி நடக்கிற இடத்தில் மட்டும் ஊக்கமருந்துச் சோதனை என்றால்கூடப் பரவாயில்லை. எங்களைப் போன்றவர்களை வீடு தேடியும் வருவார்கள். எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அதற்காக ஒவ்வொரு நாளும் எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த ஒரு மணி நேரம் நிச்சயமாக இருப்பேன் என்று போனில் முன்கூட்டியே பதிந்து வைத்துவிட வேண்டும். நான் எப்போதும் காலை ஆறிலிருந்து ஏழு என்று போடுவேன். அந்த நேரத்தில் அவர்கள் வந்து நான் இல்லாவிட்டால் ஒரு தடவை தவறியதாக எழுதிக்கொள்வார்கள். ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை தவறினால் முடிந்தது. ஒரு மாத்திரைகூட வாயில் போட்டிருக்க வேண்டாம், இரண்டு வருடம் தடை.

அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"எந்நேரம் எங்க இருப்பேன்னு ஒங்கப்பாகிட்டகூட நான் எழுதிக் குடுத்ததில்லடி" என்றாள்.

கூட வருகிற பெண் அதிகாரி குளியலறைக்குள்ளேயே நின்று, கோப்பையில் விழுவதைத் தன் கண்ணால் பார்ப்பார் என்று சொன்னபோது, "பெத்தவ நானே ஒனக்கு அஞ்சு வயசுக்கு மேல பார்த்ததில்ல. இவளுக்கு அதுக்குச் சம்பளமாக்கும்?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வருடத்துக்குள் நான் ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தேன். முதல் தடவை முழுக்க என் தப்பு. ஒரு போட்டிக்கு விமானம் ஏறுகிற அவசரத்தில் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டாவது தடவை மாரியம்மன் தப்பு.

சாமி குத்தம் பேசுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரம் ஊருக்குள் இருப்பவர்கள் விழா முடிகிறவரை ராத்திரி வேறு ஊரில் தங்கக் கூடாது. பயிற்சி முகாமுக்குப் போகிற வழியில் ஒரு வேளை மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தவள் நான். சாப்பிட்டுக் கை கழுவும்போது காப்புக் கட்டுகிற கொட்டுச் சத்தம் கேட்டது. அம்மா என் பையை எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டாள். சரி, முகவரியையாவது மாற்றிவிடலாம் என்று பார்த்தால், ஊரே கொட்டு அடிப்பதை வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததில் சிக்னல் கிடைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று ஒருவழியாக மாற்றினேன். கடைசியில் ஒரு பொத்தானை அமுக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேறு மாநிலத்தில் இருந்த என் விடுதி அறைக் கதவை அவர்கள் தட்டியிருக்கிறார்கள்.

விளக்கம் கேட்டார்கள். எழுதினேன். மாரியம்மனைப் பற்றி எவ்வளவு பயபக்தியோடு எழுதினாலும், ஆங்கிலத்தில் அது சாக்குப்போக்கு மாதிரியேதான் இருந்தது. விளக்கம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது.

நான் சொல்லப்போகிற நாளில் எனக்கு வயது இருபத்தாறு. ஓட்டக்காரிக்கு அந்த வயதில் இரண்டு வருடம் போனால் திரும்பி வர முடியாது. ஆறு வாரத்தில் தொடர் ஓட்ட அணி வெளிநாட்டுக்குக் கிளம்பவிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்து பதினான்கு வருடம் நான் ஓடியதெல்லாம் அந்த ஒரு பந்தயத்துக்காக. அதுகூடப் போகட்டும். தடை என்று பேப்பரில் வந்தால், முகவரி மாற்றாமல் விட்டவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்து தின்று ஓடினவள் என்றுதான் சொல்வார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அப்பா துபாயில் இருப்பதால் எங்கள் வீட்டுக் காரியம் எல்லாவற்றிலும் மாமா தலை இருக்கும், தேவையில்லாத காரியங்களில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூ ஏற்றிப் போகிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். நல்ல தொப்பை. ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை வெளிநாட்டில் இறுதிச் சுற்றுக்கு வந்து ஏழாவதாக முடித்தேன். அங்கிருந்து போன் போட்டால், "எத்தன பேருல?" என்றார். "எட்டுப் பேருல மாமா." அதற்கப்புறம் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம்.

அந்த மாமா, நான் சொல்கிற நாளுக்கு ஒரு மாதம் முன்பு, என்னைப் பெண் பார்க்க ஒரு கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருமயம் பக்கத்து ஆட்கள். நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை. முந்தின ராத்திரி பெய்த மழையில் வயலும் வாசலும் ஒன்றாகக் கிடந்தது. வந்தவர்கள் செருப்பெல்லாம் சேறு. கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அம்மா என் மேல்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்லாத்தாங்க இருக்கு. ஆனா பக்கத்துல நின்னா எங்க பையன் இவளுக்குத் தம்பி மாதிரில்ல தெரிவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டியில் ஏறும்போது இன்னொரு அம்மா, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "கையும் காலும் ஆம்பள கணக்கா இருக்கு" என்றார்.

இந்தக் கைகாலை வைத்துத்தான் எட்டு நாடு போனேன் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. வாய் அப்படி ஒன்றும் சின்னதில்லை எனக்கு. ஆனாலும் அன்று வலித்தது. பட்டுப்புடவையோடு பின்பக்கம் போய், மோட்டார் ரூமுக்குள் நுழைந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு அழுதேன். மோட்டார் ஓடும்போது உள்ளே என்ன சத்தம் போட்டாலும் வெளியே கேட்காது. அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சக் கேசரியை நானே சாப்பிட்டேன். யாருக்கும் தெரியாது.

இனி அந்த நாள். வெள்ளிக்கிழமை. காலில் ஒரு சின்னப் பிடிப்பு என்று பத்து நாள் ஓய்வுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். முகவரியை மாற்றிவிட்டேன், கடைசிப் பொத்தானையும் அமுக்கினேன், அமுக்கியதைப் படமும் எடுத்து வைத்திருந்தேன். ஐந்தரைக்கே எழுந்து, கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு எனக்கு அதுதான் வழக்கம். பூப்பறிக்கப் போய்விட்டுத் திரும்பிய எதிர்வீட்டு அக்கா கேட்டுப் பக்கம் நின்று, "என்ன ஆத்தா, வாசலப் பாத்து ஒக்காந்துட்ட? மாப்ள வாராரா?" என்றார். "கோப்பை வருதுக்கா" என்றேன். உலகக் கோப்பை என்று நினைத்தாரோ என்னவோ, சந்தோஷமாகப் போனார்.

ஆறு இருபதுக்கு மாமா வந்தார். கையில் காகிதத்தில் மடித்த வடை.

"அக்கா! ஒரு கோஷ்டியத் திருப்பி விட்டுட்டேன்!"

"என்ன கோஷ்டி?" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க வந்த கோஷ்டிதான். விடியறதுக்குள்ள கார எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. டீக்கடையில எறங்கி, ஓட்டக்காரப் பொண்ணு வீடு எதுங்கன்னாரு ஒருத்தரு. என்ன விஷயமா வந்திருக்கீங்கன்னேன். பர்சனல்ங்கிறாரு. பர்சனல்னா வேற என்னக்கா? வளர்பிற வெள்ளிக்கெழம, அயன் பண்ணுன சட்ட, கூட ஒரு பொம்பள. எனக்குத் தெரியாதா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். "மாமா, கையில என்ன வச்சிருந்தாங்க?"

"ஐஸ்பொட்டி மாதிரி ஒண்ணு. ஜெகதாப்பட்டினத்துலேருந்து எறா வாங்கியாந்திருப்பாங்க. தாம்பூலத்தோட வந்தா திருப்பி விட்ருவோம்னு பொட்டியோட வந்திருக்காங்க."

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். நிரப்பிய பாட்டில்களைக் குளிரில் வைத்து எடுத்துப்போகிற பெட்டி. வந்த வேலையை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. அதனால்தான் அந்தப் பர்சனல்.

"எங்க அனுப்பினீங்க?"

"ஏரிக்கரைக்கு அங்கிட்டு. தண்ணிக் கொழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்கல்ல, அந்தப் பாதையில. உள்ள போனா கார் திரும்பாது" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மாமாவிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர்கள் யார், எதற்கு வந்தார்கள், ஏழு மணிக்குள் வராவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கத்தினேன். மாமா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"மருந்து தின்னவன்னு சொல்லுவாங்களா?"

"வேற என்ன சொல்லுவாங்க?"

கடித்த வடையை அம்மா கையில் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். அப்போது மணி ஆறு இருபத்தைந்து.

எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து வரப்பு வழியாகப் போனால் அந்தத் தோண்டிப் போட்ட பாதை கூப்பிடு தூரம்தான். காலில் பிடிப்போடு ஓடினாலும் எனக்கு இரண்டு நிமிடம். ஆனால் நான் வாசலைத் தாண்டக் கூடாது. நான் அந்தப் பக்கம் போக, அவர்கள் வேறு யாரிடமாவது வழி கேட்டு இந்தப் பக்கம் வந்து நின்றால், ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"ஓடிப் போயி கூட்டியாந்துரலாம்லடி? ஒன்னவிடவா ஒம்மாமன் வேகமா போயிருவான்?"

"நான் இங்கதான்மா இருக்கணும்."

"அப்ப இத்தன வருஷம் ஓடிப் பழகுனது எதுக்கு?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

எனக்கும் அதுதான் கேள்வி. மாவட்டத்திலேயே வேகமானவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தெருவிலேயே மெதுவானவர் என் பதினான்கு வருடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் போயிருக்கிறார். தொடை இரண்டும் தானாகத் துடித்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு முப்பத்தைந்து. ஆறு நாற்பது. பால் ஊற்ற வந்தவர், "இன்னிக்கு ஓடலையாம்மா?" என்று கேட்டார். அவரை அடிக்காமல் விட்டது என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை. பயமாக இருந்தது. எந்தப் பந்தயத்திலும் அப்படிப் பயந்ததில்லை. பந்தயத்தில் பயம் வந்தால் அடுத்த நொடி ஓடத் தொடங்கிவிடலாம்.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். நான்கிலும் ஒன்றாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன். கார் பள்ளத்துக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மாமா போய், "தப்பா சொல்லிட்டேங்க, இங்கிட்டு வாங்க" என்று சொல்லியும் காரில் வந்த அதிகாரி அசையவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அசைந்திருக்க மாட்டார்கள். மாமா கும்பிட்டிருக்கிறார். அதற்கும் அவர் அசையாததால், தன் லைசென்ஸை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, "நான் பொய் சொன்னா இத வச்சுக்கங்க" என்றிருக்கிறார். லைசென்ஸ் இல்லாமல் மாமாவுக்குப் பிழைப்பு இல்லை. அதற்கப்புறம்தான் கூட வந்த பெண் அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருக்கிறார்.

வரப்பில் மொபெட் வராது. அதை அங்கேயே போட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மாமா ஓடத் தொடங்கினார். பெட்டி தங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்று அதிகாரி சொல்லிப் பார்த்திருக்கிறார். மாமா காதில் விழவில்லை. அதனால் அவரும் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

ஆறு ஐம்பத்தைந்துக்குக் கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முன்னால் மாமா, தலையில் பெட்டி. அவர் பின்னால் பெட்டியில் கை வைத்தபடி கண்ணாடி போட்ட அதிகாரி. அவருக்குப் பின்னால் சுடிதாரைத் தூக்கிப் பிடித்தபடி, செருப்பும் கையுமாக அந்தப் பெண் அதிகாரி. களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "என்னப்பா, மாமன் சீரா? யாருக்கு விசேஷம்?" என்று கேட்டார்கள்.

"எங்க புள்ளைக்குத்தான், வழிய விடுங்க!" என்று மாமா கத்திக்கொண்டே வந்தார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பத்தேழு. மூச்சு வாங்க அடையாள அட்டையைக் காட்டி, சோதனைக்கு நான் தேர்வு செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னார். ஏதோ பரிசு கிடைத்தவள் மாதிரி அவருக்கு நன்றி சொன்னேன். மாமா கிணற்றடியில் சரிந்து உட்கார்ந்தார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வரவில்லை. பயத்தில் உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விட்டது போலிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் போகிற இடமெல்லாம் அந்தப் பெண் அதிகாரி கூடவே வந்தார். அம்மா அவர்களுக்கு இட்லி வைத்தாள். சாப்பிடக் கூடாது என்றார்கள். "வீடு தேடி வந்துட்டு கை நனைக்காமப் போறதா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவுப் பக்கம் வந்து, "வந்துருச்சா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் வந்தது. மாமா வெளியே போய் அறிவித்தார். யாரோ கைதட்டினார்கள். என் சொந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதற்குத்தான்.

நான் பாட்டில்களை மூடி முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது, அதிகாரி படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டி, நடந்ததைப் பற்றி எங்கள் தரப்பில் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்பதற்குள் மாமா, "நான் எழுதணுங்க" என்றார். ரொம்ப நேரம் குனிந்து எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். அதிகாரி அதைப் படித்தார். மாமாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மாமா கையில் கொடுத்து, அவர் தோளைத் தட்டினார்.

எனக்கென்று கொடுத்த நகலை அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன். மாமா அதற்குள், வெயிலில் வாடத் தொடங்கிவிட்ட பூவை ஏற்றிக்கொண்டு கீரமங்கலம் போய்விட்டார்.

'பிள்ளை காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தது. நான்தான் தப்பான வழி சொன்னேன். பெண் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டேன். போன மாதம் நான் கூட்டி வந்தவர்கள் தப்பாகப் பேசிவிட்டார்கள். அன்றைக்கு மழை பெய்து வயல் நிறையத் தண்ணீர். ஆனாலும் மோட்டார் ஓடியது. யார் போட்டது என்று போய்ப் பார்த்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே பிள்ளை அழுதது. கதவைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இவர்களைத் திருப்பி அனுப்பினேன். பிள்ளை மேல் தப்பு இல்லை.'

படித்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா வந்து என்னடி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மோட்டார் போடாமலேயே அழுதேன்.

ஆறு வாரம் கழித்து விமானம் ஏறினேன். நான்கு பேரில் மூன்றாவது ஆளாக ஓடினேன். வெண்கலம் கிடைத்தது. ஊருக்கு வந்ததும் மாமா பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "மூணாவதா? எத்தன பேருல?" என்று கேட்டார். "எட்டு நாட்டுல மாமா." "அப்பன்னாப் பரவால்ல" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பூ மூட்டைகளுக்கு ஈரச் சாக்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கு எழுதினத நான் படிச்சேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாக்கின் ஓரத்தை இழுத்து மடித்தார்.

"அது ஒனக்கு எழுதுனது இல்ல ஆத்தா. அவங்களுக்கு எழுதுனது" என்றார். பிறகு, "வெயில் ஏறுது, வாரேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.